இருபது வருஷம் கழித்து நம் தெருவில் யார் இருப்பார்கள்?

பாலக்கோட்டான்
சனி, காணும் பொங்கல், இரவு 9.50

பொங்கலுக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. ரொம்ப நாள் கழித்து ஊரில் தூங்கி எழுந்தேன். தெரு நிறைய பைக். பாதிக்கு மேல் கேஏ நம்பர் வண்டிகள், பெங்களூரிலிருந்து ஓட்டி வந்தவை. மாட்டுப் பொங்கல் அன்று மாரியம்மன் கோயில் திடலில் நிற்க இடம் இல்லை. திங்கட்கிழமை காலை அதே திடலில் நாய்தான் படுத்திருக்கும்.

நேற்று திண்ணையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவில் 22 வீடு. 4 வீடு பூட்டிக் கிடக்கிறது. 9 வீட்டில் வயசானவர்கள் மட்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு 5. மிச்சம் 4 வீட்டில் என்னைப் போல வந்து படுத்துவிட்டுப் போகிறவர்கள்.

நான் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறேன். இந்த மாதத்தோடு 3 வருஷம். இதற்குள் என் பேட்ஜில் 3 கான்ட்ராக்டர் பெயர் மாறிவிட்டது. நான் நிற்கிற மெஷின் மாறவில்லை. காலை ஷிப்ட் என்றால் 3.45-க்கு எழுந்து 4.30-க்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். வயது 28. பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும் முதல் கேள்வி, "பர்மனென்ட் ஆயிடுச்சுங்களா?" என்பதுதான்.

என் அப்பா காலத்தில் இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை இல்லை, அதனால் ஊரை விட்டுப் போனார்கள். அது புரிகிறது. இப்போது ஓசூரில், போச்சம்பள்ளியில், பர்கூரில் வேலை இருக்கிறது. வேலை பக்கத்திலேயே வந்த பிறகும் ஊர் ஏன் காலியாகிறது? இதே மாதிரி போனால் 2045-ல் எங்கள் தெருவில் யார் இருப்பார்கள்? உங்கள் ஊரில் எப்படி என்று சொல்லுங்கள்.


மத்திகிரி ஐயா
சனி, இரவு 10.35

தம்பி, நான் 1983-ல் டிப்ளமா முடித்துவிட்டு ஓசூர் வந்தவன். அப்போது சிப்காட் சாலையில் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் பொட்டல்தான். லேலண்ட் 1980-ல் வந்திருந்தது, டிவிஎஸ் பக்கத்தில். டைட்டன் அப்புறம்தான். என்னை எடுத்த கம்பெனியில் கொஞ்ச காலம் பயிற்சி, பிறகு நிரந்தரம் என்று கையில் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை என் அப்பா பீரோவில் பத்திரத்தோடு வைத்திருந்தார். அதை நம்பி வங்கி கடன் கொடுத்தது, அதை நம்பிப் பெண் கொடுத்தார்கள். இரண்டு தங்கைகள் கல்யாணமும் இந்த வீடும் அந்த ஒரு காகிதத்தில் வந்தவை.

உன்னை விட நான் கெட்டிக்காரன் என்று எப்போதும் நினைத்ததில்லை. நீ இப்போது ஓட்டுகிற மெஷினை என்னால் தொடக்கூட முடியாது. நான் வேலைக்கு வந்த காலம் அப்படி, நீ வந்த காலம் இப்படி.

ஒன்று கேட்கிறேன். தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தொழிற்சாலையில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஓசூரில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் இந்த 480 மனப்பாடம். அதனால்தான் நாள் நெருங்கும்போது சிலருக்கு "ஒரு மாதம் ஊருக்குப் போய் வா" என்று பிரேக் விடுகிறார்கள். அப்ரண்டிஸ் என்று பேர் போட்டு எடுத்தால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிடுவார்கள். கான்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருந்தால், உண்மையில் வேலை வாங்கியது யார் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும், அது லேசான காரியம் இல்லை.

நீ உன் நாட்களை எண்ணியிருக்கிறாயா? சம்பளச் சீட்டு, பழைய பேட்ஜ் எல்லாம் வைத்திருக்கிறாயா?


அரூர் பி ஷிப்ட்
சனி, இரவு 11.20

அண்ணா, தெரு காலியாகிறது என்று நீங்கள் வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் எனக்கு அந்தத் தெருவை விட்டு வெளியே வந்த பிறகுதான் வாழ்க்கை என்று ஒன்று ஆரம்பித்தது.

எனக்கு 17 வயதில் மாமா மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். பன்னிரண்டாவது பரீட்சை எழுதவே அழுது அடம்பிடித்தேன். எங்கள் கிளாஸ் டீச்சர் வீட்டுக்கு வந்து, "படிப்பை முடித்தால் கம்பெனியில் எடுப்பார்கள், மாதம் கையில் பணம் வரும்" என்று அப்பாவிடம் பேசினார். அப்பாவுக்குப் படிப்பு புரியவில்லை, பணம் புரிந்தது. எப்படியோ நான் வந்துவிட்டேன். போன் பாகம் செய்கிற லைனில் வேலை. முதல் மாதச் சம்பளத்தில் அடகில் இருந்த அம்மா கம்மலை மீட்டேன். என் ஏடிஎம் கார்டு என்னிடம் இருக்கிறது. இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது.

சரி, அதற்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். விடுதியில் ஒரு அறைக்கு 8 பேர். ஷிப்ட் மாறும் வாரத்தில் நாலு பேர் தூங்க, நாலு பேர் கிளம்ப, ஒருவர் தூக்கமும் முழுசாக இருக்காது. மாதவிடாய் நாளில் நின்றுகொண்டே 8 மணி நேரம். ஒரு நாள் சுற்றிப் பார்த்தபோதுதான் உறைத்தது, எங்கள் லைனில் 26 வயதுக்கு மேல் ஒரு அக்கா கூட இல்லை. எங்கே போனார்கள்? கல்யாணம் ஆகிப் போனார்கள். குழந்தை பிறந்த பிறகு ஒருவரும் திரும்பி வரவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், பேறுகால விடுப்பும் 26 வாரம். ஆனால் கைக்குழந்தையோடு விடுதியில் இடம் தருவார்களா? ராத்திரி ஷிப்டுக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? ஊரில் இருக்கிற மாமியார்தான். அப்போது நான் ஊரில் இருந்தாக வேண்டும், ஊரில் இருந்தால் வேலை இல்லை.

அதனால் 5 வருஷம் வேலை, அப்புறம் அடுப்பு என்பதுதான் எங்களுக்கு எழுதி வைத்த கணக்கு. நீங்கள் 2045 என்று கேட்கிறீர்கள். எனக்கு 2029-ஐ நினைத்தாலே பயமாக இருக்கிறது.


சந்தூர் மாந்தோப்பு
ஞாயிறு, காலை 6.15

ஊரில் இருக்கிறவன் பேசுகிறேன். 4 ஏக்கர் மாந்தோப்பு, முக்கால்வாசி பெங்களூரா ரகம், மிச்சம் செந்தூரா, நீலம். 2025 சீசனில் பெங்களூரா காய் கிலோ 5 ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிக்கிற கூலி, ஏற்றுக்கூலி, மாங்கூழ் ஆலை வாசலில் வண்டி காத்து நிற்கிற வாடகை, எல்லாம் போட்டால் மரத்திலேயே விட்டுவிடுவது மேல். பாதித் தோப்பில் அப்படித்தான் விட்டேன். பழுத்து விழுந்து ஈ மொய்த்தது. அப்பா வைத்த மரம், அந்தப் பக்கம் போகவே மனசு வரவில்லை.

என் இரண்டு பையன்களும் ஓசூரில். திரும்பி வா என்று எந்த வாயால் சொல்வது? பக்கத்துத் தோப்பை வெட்டி ப்ளாட் போட்டுவிட்டார்கள். எனக்கும் ஆள் வந்து போகிறார்கள்.

கூலி ஆள் கிடைக்காததுக்கு நூறு நாள் வேலையும் ஒரு காரணம் என்று நான் சொல்வேன், திட்டினாலும் பரவாயில்லை. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை மாற்றி 125 நாள் என்று புதுசு கொண்டு வந்திருக்கிறார்கள். விதைப்பு, அறுப்பு சமயத்தில் 60 நாள் வரை அந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று அதில் இருக்கிறது. அந்த ஒன்று எனக்குச் சரியாகப் படுகிறது.


அரூர் பி ஷிப்ட்
ஞாயிறு, காலை 7.05

ஐயா, எங்கள் ஆயா 63 வயதில் நூறு நாள் வேலைக்குப் போகிறது. 2025-26-ல் ஒரு நாள் கூலி 336 ரூபாய், அதுவும் முழுசாக வராது. உங்கள் தோப்பில் ஏறி மாங்காய் பறிக்க அந்த வயதில் முடியுமா? உடம்பில் தெம்பு இருக்கிறவர்கள் எல்லாம் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் எப்போதோ போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற கிழவிகளுக்கு அந்த ஏரி வேலைதான். புதுச் சட்டத்தில் செலவில் 40 சதவீதம் மாநிலம் போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மாநிலம் பணம் இல்லை என்று கையை விரித்தால் 125 நாள் என்பது காகிதத்தில்தான் இருக்கும். கோபமாகச் சொல்லவில்லை ஐயா. உங்களுக்குக் காய்க்கு விலை கிடைத்திருந்தால் நல்ல கூலி கொடுத்திருப்பீர்கள், ஆளும் வந்திருக்கும்.


சந்தூர் மாந்தோப்பு
ஞாயிறு, காலை 7.30

அது உண்மைதான் பாப்பா. விலை கிடைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.


மொரப்பூர் லைன்
ஞாயிறு, காலை 9.10

எல்லோரும் வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் பாதையைப் பற்றிப் பேசுகிறேன். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் ரயில் ஓடியது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஓடியது. இரண்டையும் யுத்த காலத்தில், 1941-ல் நிறுத்தினார்கள். 85 வருஷம் ஆகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், இன்றுவரை ஊருக்குள் ரயில் இல்லை. மொரப்பூர் – தருமபுரி 36 கிலோமீட்டர் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள்.

பாலக்கோட்டு அண்ணா, உங்கள் ஊரில் ஸ்டேஷன் இருக்கிறது. மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம், ஓசூர் எல்லாம் ஒரே தடத்தில் வரிசையாக இருக்கின்றன. 6 மணி ஷிப்டுக்கு ஏற்றாற்போல் ஒரு வண்டி, 2 மணி ஷிப்ட் முடிந்து வர ஒரு வண்டி, ராத்திரி ஒரு வண்டி என்று ஓட்டினால் எத்தனை பேர் சொந்த வீட்டிலிருந்தே போய் வருவார்கள்! அரூர் தங்கை சொன்ன அக்காக்களும் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வரலாம். ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. 4.30 மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளுக்கு முதலில் ஒரு பாசஞ்சர் வண்டி வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் இதை மட்டும்தான் கேட்கப் போகிறேன்.


கிருஷ்ணகிரி பிஎஃப் டெஸ்க்
ஞாயிறு, காலை 11.40

நான் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சிலருக்கு என் மேல் கோபம் வரலாம். பரவாயில்லை, தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன. பழைய 29 சட்டங்களைச் சேர்த்துச் சுருக்கியவை. தொழிலாளிக்கு உதவுகிற விஷயங்கள் அதில் உண்டு. வேலைக்கு எடுக்கிற எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். இத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுத்தவர் ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை உண்டு, முன்பு 5 வருஷம் வேண்டும். அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டி அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்கிற வேலைக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள், அலவன்ஸ் பாதிக்கு மேல் போனால் மிச்சத்தைச் சம்பளத்திலேயே சேர்க்க வேண்டும். மறுபக்கமும் உண்டு. ஆட்குறைப்புக்கோ மூடுவதற்கோ அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது முன்பு 100 பேர் உள்ள ஆலைக்கு, இப்போது 300 பேர் உள்ள ஆலைக்குத்தான். சின்ன கம்பெனியில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் பிஎஃப். இதைத்தான் மனசு பொறுக்காமல் எழுதுகிறேன். பிரேக் விட்டவுடன் பிள்ளைகள் நேராக என்னிடம் வருவார்கள். "அண்ணா, எல்லாத்தையும் எடுத்துக் கொடுங்க." பிஎஃப் பணத்தோடு பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். பென்ஷனுக்கு மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேண்டும், அப்போதுதான் 58 வயதில் மாதாமாதம் வரும். பென்ஷன் பணத்தை எடுத்தால் அதுவரை செய்த சர்வீஸ் அழிந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். கம்பெனி மாறினாலும், கான்ட்ராக்டர் மாறினாலும் யுஏஎன் என்கிற நம் பிஎஃப் நம்பர் ஒன்றாக இருந்தால் சர்வீஸ் கூடிக்கொண்டே வரும். ஒரு பையன் 7 வருஷத்தில் 4 முறை எடுத்தான். 4 முறையும் நான்தான் படிவம் போட்டேன். வேண்டாம் என்று 2 முறை சொன்னேன். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

பாலக்கோட்டு அண்ணா, உங்கள் யுஏஎன் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். எந்த மாதம், யார் பணம் கட்டியது என்று வரிசையாக இருக்கும். ஐயா கேட்ட 480 நாளுக்கு அதுவும் ஒரு சாட்சி.


ராயக்கோட்டை 90
ஞாயிறு, பிற்பகல் 1.15

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். வடநாட்டு ஆட்கள் வந்து குறைந்த கூலிக்கு நிற்பதால்தான் நமக்கு நிரந்தரமும் இல்லை, மரியாதையும் இல்லை. பஞ்சாயத்தில் பாதி வாடகை வீடு அவர்களுக்குத்தான். முதலில் நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கட்டும்.


பென்னாகரம் மேஸ்திரி மகன்
ஞாயிறு, பிற்பகல் 2.30

ராயக்கோட்டை அண்ணா, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மற்றதைக் கேட்கும்போது எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வருகிறது.

என் அப்பா பெங்களூரில் கட்டட வேலை. சித்தாளாகப் போய் மேஸ்திரி ஆனவர். கட்டடம் முடியும் வரை அதே கட்டடத்தில் தகரக் கொட்டகை, முடிந்ததும் அடுத்த கட்டடம். நாங்களும் குறைந்த கூலிக்கு வந்தவர்கள் என்றுதான் அங்கே பேசினார்கள். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த பிறகு பெங்களூரில் தமிழர்களை அடித்தார்களே, அப்போது அம்மாவின் வயிற்றில் நான் 7 மாதம். ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏறி ஓசூர் வந்து சேர்ந்தார்கள். சமையல் பாத்திரம் அங்கேயே. அப்பாவிடம் 2 மாதக் கூலி பாக்கி வைத்திருந்தவன் அதற்கப்புறம் கண்ணிலேயே படவில்லை. பிப்ரவரியில் நான் பிறந்தேன். ஏப்ரலில் அப்பா மறுபடி அதே பெங்களூருக்குப் போனார். வேறு எங்கே போவது?

கூலியைக் குறைக்கிறவன் ஒடிசாவிலிருந்து வந்த பையன் இல்லை அண்ணா. அவனுக்கும் எனக்கும் ஒரே கூலி, ஒரே பிஎஃப் என்று கட்டாயப்படுத்திவிட்டால் எந்தக் கான்ட்ராக்டருக்கும் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஆள் கூட்டி வர வேண்டிய தேவை இருக்காது. கோரிக்கை அங்கே வைக்க வேண்டும்.


ராயக்கோட்டை 90
ஞாயிறு, பிற்பகல் 3.05

கூலி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். அப்பாவைப் பற்றி எழுதியது மனசைத் தொட்டது. உள்ளூர் முன்னுரிமையை மட்டும் நான் விட மாட்டேன்.


அஞ்செட்டி டீச்சர்
ஞாயிறு, மாலை 4.45

இழையைத் தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். 2045-ல் யார் இருப்பார்கள் என்பதற்கு என் வகுப்பறையில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

அஞ்செட்டி மலைப் பக்கம் 9 வருஷம் வேலை பார்த்தேன். மார்கழி, தை மாதம் ராகி முற்றினால் யானை இறங்கும். அப்பாக்கள் காவலுக்குப் பரண் ஏறிவிடுவார்கள், பிள்ளைகள் பள்ளியில் தூங்கும். எட்டாவது முடித்த பெண் பிள்ளைகள் ஒன்பதாவதில் திடீரென்று வரமாட்டார்கள். விசாரித்தால் கல்யாணம் ஆகியிருக்கும். வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். பெண் குழந்தை பிறந்தால் உயிரோடு விட மனசு வராத காலம் ஒன்று கிருஷ்ணகிரியும் சேர்ந்த பழைய தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டு வந்தார்கள் என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். அதே மண்ணில் "பொண்ணு பன்னிரண்டாவது முடிக்கட்டும்" என்று ஒரு அப்பா சொல்லும்போது, அது கம்பெனிச் சம்பளத்துக்காக என்றாலும், எனக்குக் கண் கலங்கும். அரூர் தங்கை, உன் டீச்சர் யார் என்று தெரியாது, ஆனால் அவரைக் கும்பிடுகிறேன்.

இப்போது ஓசூர் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். மலைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் கடைசியாக 6 பிள்ளைகள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்று 2020 கணக்கு. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். ஆக 22 வீட்டுத் தெருவில் 5 வீட்டில் பிள்ளைகள் என்பது உங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை.

ஆனால் இந்த ஓசூர் பள்ளியில் என் மூன்றாம் வகுப்பில் 31 பேர். அதில் 9 பேர் வீட்டில் பேசுவது ஒடியாவும் இந்தியும். கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்கள் இங்கே எப்போதும் உண்டு, அதைச் சேர்க்கவில்லை. போன வருஷம் ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வந்த பிள்ளை, இந்தப் பொங்கல் விழாவில் திருக்குறள் சொல்லிப் பரிசு வாங்கியது. அம்மா, அப்பா இருவரும் ஒரே கம்பெனியில் வேறு வேறு ஷிப்ட். ஒருவர் வர, ஒருவர் போக, பிள்ளையிடம் வீட்டுச் சாவி. அந்தப் பிள்ளைக்கு ஒடிசாவில் இருக்கிற தாத்தா ஊர் பெயர் சொல்லத் தெரியவில்லை. "எந்த ஊர்?" என்று கேட்டால் "சூசூவாடி" என்கிறது, இங்கே ஓசூர் பக்கத்து ஊர்.

உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கிற 4 வீட்டுக்கு யார் வருவார்கள் என்று கேட்டால், இந்த மாதிரிப் பிள்ளைகள் வரலாம் என்பேன். அவர்களை ஊர்க்காரர்களாக வளர்க்கிறோமா, வாடகைக்காரர்களாக நிறுத்துகிறோமா என்பது இப்போது நம் கையில் இருக்கிறது. அதோடு அரூர் தங்கை கேட்ட காப்பகம், மொரப்பூர் அண்ணன் கேட்ட ரயில், ஐயா சொன்ன அந்தக் கடிதம், இவை மூன்றும் வந்தால் நம் பிள்ளைகளும் ஊரில் தங்குவார்கள். இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை.


மொரப்பூர் லைன்
ஞாயிறு, மாலை 5.20

டீச்சர், சாவி வைத்திருக்கிற அந்தப் பிள்ளைக்கு மாலையில் பள்ளியிலேயே இருக்க ஏதாவது வழி உண்டா? எங்கள் ஊரில் நூலகத்தில் 2 பெண்கள் சாயங்காலம் பாடம் சொல்லித் தருகிறார்கள்.


அஞ்செட்டி டீச்சர்
ஞாயிறு, மாலை 5.55

6 மணி வரை நானும் இன்னொரு டீச்சரும் மாற்றி மாற்றி இருக்கிறோம். அதற்கு மேல் எங்களுக்கும் பஸ் இல்லை.


பாலக்கோட்டான்
ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

பாஸ்புக்கைப் பார்த்தேன். 36 மாதத்தில் 34 மாதம் பணம் கட்டியிருக்கிறது. நடுவில் 2 மாதம் காலி. அந்த 2 மாதமும் நான் வேலைக்குப் போனேன், அம்மாவின் காலண்டரில் ஷிப்ட் குறித்து வைத்திருக்கிறேன். சம்பளச் சீட்டு 31 கிடைத்தது. பேட்ஜ் மூன்றும் பீரோவுக்கு அடியில் இருந்தது. பென்ஷன் பணத்தை இதுவரை தொடவில்லை, இனியும் தொட மாட்டேன்.

அரூர் தங்கை, காப்பகத்தைப் பற்றி உங்கள் கம்பெனியில் எழுதிக் கேட்டால் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள்? என் கூட வேலை செய்கிற அக்காக்களிடமும் கேட்கிறேன்.

எதிர் வீடு 6 வருஷமாகப் பூட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் பெங்களூரில். வாடகைக்கு விடுவீர்களா என்று இன்று போனில் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஐயா, நாளை 4.30 பஸ். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்திகிரிக்கு வரலாமா?


மத்திகிரி ஐயா
ஞாயிறு, இரவு 9.05

வா தம்பி. 10 மணிக்கு மேல் வா. மூன்று பேட்ஜையும், அந்தக் காலண்டரையும் எடுத்து வா.


அரூர் பி ஷிப்ட்
ஞாயிறு, இரவு 11.50

அண்ணா, இப்போதுதான் விடுதிக்குத் திரும்பி வந்தேன். அறையில் கேட்டேன். 8 பேரும் போடுகிறோம் என்றார்கள்.